யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பிறந்தவர்களுக்கு ஆறு என்பது பெரும்பாலும் பாடப்புத்தகத்திலே கண்ட பொருள். வழுக்கியாறு என ஒன்று உண்டு. மாரியில் ஓடிக் கோடையில் மறையும் அதனை ஆறு என்று அழைப்பதும் ஒருவகை உபசாரமே. குடிப்பதற்கும் தோட்டத்துக்கு இறைப்பதற்கும் கிணற்றையன்றி வேறு கதி இருந்ததில்லை. சுண்ணக்கல்லின் புழைகளில் தங்கும் மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழும்.

இக்குறையைப் போக்க எண்ணியோர் பலர். 19ஆம் நூற்றாண்டில் அரசாங்க அதிபராயிருந்த துவைனந்துரை, வடமராட்சிக் கடல்நீரேரியை நன்னீராக்கலாம் எனக் கருதினார். தொண்டைமானாற்றுத் தடுப்பணை 1953இல் நிறைவெய்தியது. மறு ஆண்டிலே நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் முழுமையான திட்டமொன்றை முன்வைத்தார். கனகராயனாறு வன்னியிலிருந்து கொணர்ந்து ஆனையிறவு ஏரியிற் சேர்க்கும் நீரைக் கடலுக்கு விடாது மறித்து, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சி ஏரிக்கும், அங்கிருந்து உப்பாற்றுக்கும் செலுத்துவதே அவர் கருத்து. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவுகள் கடல்நீரைத் தடுக்கும்; மாரிதோறும் உவர் கழுவப்பட்டுக் கிணறுகள் நன்னீராகும். 1960களில் சுண்டிக்குளத்தில் அணையும் எழுந்தது. சுமார் 4 கிலோமீற்றர் நீளமான அந்த வாய்க்கால் மட்டும் முற்றுப்பெறவில்லை.

நீர்க்கணக்கு நுட்பமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏரி நன்னீரானால் அதிலே இறால் பிடித்து வாழ்வோர் என் செய்வர்? கமக்காரன் கதவை மூடு என்பான். மீனவன் திற என்பான். இது பொறியியற் கணக்கிலே அடங்காத கணக்கு.

இத்தகைய விளைவுகளையும் முன்கூட்டியே அறியலாம் என்ற நம்பிக்கை பின்னர்ப் பிறந்தது. அமெரிக்காவில் ஜே ஃபொரஸ்டர் என்னும் பேராசிரியர் மின்கணிப்பொறியிலே ஒரு தொழிற்சாலையை, பின் ஒரு நகரத்தை, ஈற்றில் உலகத்தையே சமன்பாடுகளாக அமைத்து, வருங்காலத்தை ஒத்திகை பார்த்தார். அவர் வழிவந்த குழுவினர் 1972இல் வெளியிட்ட 'வளர்ச்சியின் எல்லைகள்' உலகெங்கும் விவாதத்தை எழுப்பியது. இலங்கையிலும் 1988ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம், பெருந்திட்டங்களுக்குச் சூழல் தாக்க மதிப்பீட்டை விதித்தது. ஒத்திகை நல்லதுதான், எந்தப் பாத்திரங்கள் மேடையில் உள்ளன என்பதே கேள்வி.

2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கி, இரணைமடுக் குளத்தின் கொள்ளளவைக் கூட்டி யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுவரும் திட்டத்துக்கு நிதி வழங்க இசைந்தது. இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். ஆறுமுகம் நாடியது குளத்தையும் வயலையும் கடந்து கடலுக்குச் செல்லும் மிகைநீர். புதிய திட்டம் நாடியதோ குளத்து நீரையே. அணையை உயர்த்தினால் இருவருக்கும் போதும் என்றது கணக்கு. கிளிநொச்சிக் கமக்காரரோ, மழை பொய்த்த ஆண்டில் எவருக்கு முதலுரிமை என்று வினவினர். சராசரி மழையைக் கொண்டு எத்தனை நுட்பமாகக் கணித்தாலும் அவ்வினாவுக்கு விடை கிடையாது. அது நம்பிக்கையைப் பற்றிய வினா. யாழ்ப்பாணத்தாரும் கிளிநொச்சியாரும் ஒரே மொழி பேசும் அயலவர் என்பது வழக்கைத் தணிக்கவில்லை. என் எண்ணத்தில், மேலும் கூர்மையாக்கிற்று.

முடிவில் இரணைமடுவை விடுத்துக் கடல்நீரைக் குடிநீராக்குவதென மாற்றினர். அதற்குத் தெரிந்த இடம் வடமராட்சி கிழக்கிலுள்ள தாளையடி. உடனே அக்கரையோர மீனவர், ஆலையிலிருந்து மீளும் மிகையுவர் நீர் தம் மீன்வளத்தைக் கெடுக்குமோ என அஞ்சிக் குரலெழுப்பினர். நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரவல்ல அவ்வாலை 2024 ஆகஸ்ட் மாதத்தில் திறந்து வைக்கப்பட்டது.