வெண்ணெய்நல்லூரில் வந்தவர், திண்டிவனத்தில் வராதவர்

விழுப்புரத்துக்குத் தென்மேற்கே, பெண்ணையாற்றைத் தாண்டினால் திருவெண்ணெய்நல்லூர். வடக்கே சென்னை நெடுஞ்சாலையில் போனால் திண்டிவனம். இரண்டு ஊரைப் பற்றியும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கதை உண்டு. தன் வாழ்க்கைக்குத் தானே ஒரு வழி தீர்மானித்துக்கொண்ட இளவயதுக்காரர் ஒருவரைக் கடவுள் குறுக்கே வந்து மறிக்கிறார். முதல் ஊரில் கடவுள் நேரிலேயே வந்தார் என்கிறது பெரியபுராணம். இரண்டாவது ஊரில் வந்தவர்கள் மூன்று மனிதர்கள், அவ்வளவுதான். ‘இருக்கிறவர் என்றால் ஏன் கண்ணில் படுவதில்லை?’ என்று கிறிஸ்தவர்களைப் பார்த்துக் கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ள இந்த இரண்டு கதைகளும் தோதானவை.

முதல் கதை சைவ நாயன்மார் சுந்தரருடையது. அதில் என்னை எப்போதும் ஈர்ப்பது ஓர் ஓலைதான். திருநாவலூர்க்காரரான அவருக்குப் புத்தூரில் சடங்கவி சிவாசாரியாரின் மகளோடு கல்யாணம். பந்தலுக்குள் ஒரு கிழவர் நுழைந்து, ‘உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலைப்படி நீ எனக்கு அடிமை’ என்கிறார். அந்தணன் இன்னோர் அந்தணனுக்கு அடிமையாவது எங்கேயாவது உண்டா, நீர் பித்தனா என்று சுந்தரர் சீறுகிறார். ஓலையைப் பிடுங்கிக் கிழித்தும் போடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது படி ஓலை, மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் பத்திரமாக இருக்கிறது என்கிறார். வழக்கு அந்த ஊர்ச் சபைக்குப் போகிறது. பாட்டனாரின் பழைய கையெழுத்தைக் கொண்டுவரச் செய்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். தீர்ப்பு கிழவர் பக்கம். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர். ஓர் ஆவணத்தை எப்படிச் சோதிப்பார்கள் என்பது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘உமக்கு இந்த ஊரில் வீடு எது?’ என்று கேட்டவர்களைக் கிழவர் கூட்டிக்கொண்டு போய்த் திருவருட்டுறைக் கோயிலுக்குள் நுழைந்து மறைந்துவிடுகிறார். அதற்குப் பிறகுதான் விடைமேல் உமையோடு காட்சி. பித்தன் என்று திட்டினாயே, அந்தச் சொல்லிலேயே தொடங்கிப் பாடு என்று கட்டளை.

திண்டிவனத்துக் கதை இதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் பிந்தியது. ஆற்காடு மிஷனைச் சேர்ந்த அமெரிக்க மருத்துவர் இரண்டாம் ஜான் ஸ்கடர் அங்கே பங்களாவில் குடியிருந்தார். மகள் ஐடா 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர், அமெரிக்காவில் படித்தவர். தாய்க்கு உடல்நிலை சரியில்லை என்று 1890இல் வந்தாரே தவிர, மிஷனரி வாழ்க்கையே வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தார். ஒருநாள் இரவு ஒரு பிராமணர் வந்து நிற்கிறார். சின்ன வயது மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது, நீங்கள் வர வேண்டும் என்கிறார். நான் மருத்துவம் படித்தவள் இல்லை, அப்பாதான் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்கிறார் ஐடா. வேற்று ஆண் முகத்தில் என் மனைவி விழிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் போகிறார். பிறகு ஒரு முஸ்லிம், அதே வேண்டுதல், அதே மறுப்பு. மூன்றாவதாக இன்னோர் உயர்சாதி இந்து. அவரும் அப்படியே திரும்பினார். அந்த இரவில் ஐடா தூங்கவில்லை. விடிந்ததும் சாவு மேளம் கேட்டது. ஆளனுப்பி விசாரித்தால், மூன்று பெண்களுமே இறந்துவிட்டார்கள்.

அமெரிக்கா போய் மருத்துவம் படிக்கப் போகிறேன் என்று அவர் பெற்றோரிடம் சொன்னார். 1899இல் பட்டம் பெற்றார், மறு ஆண்டு திரும்பி வந்து வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். அதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. அந்த இரவைக் கடவுளின் அழைப்பு என்றே அவர் கடைசிவரை சொல்லிவந்தார். ஒளி தெரிந்தது, குரல் கேட்டது என்று சொன்னதில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் முதலில் கண்ணில் படுவது வித்தியாசம்தான். சுந்தரருக்கு மறுக்க இடமில்லை. ஓலை இருக்கிறது, கையெழுத்து பொருந்துகிறது, சபை தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆட்கொள்வது என்றால் சைவத்தில் இதுதான், அதில் ஒரு செல்லமான பலாத்காரம் உண்டு. பிறப்பதற்கு முன் கயிலையில் சுந்தரர் தாமே கேட்டு வாங்கிவந்த வரம் அது என்பதால் அநியாயமும் இல்லை. ஐடா விஷயத்தில் மூலமும் இல்லை, படியும் இல்லை. மூன்று சாவுகளையும் கேட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு, அடுத்த கப்பலில் ஊர் போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. கடவுள் ஏன் மறைந்திருக்கிறார் என்பதற்குக் கிறிஸ்தவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் இங்கேதான் வருகிறது. அவர் முழு மகிமையோடு எதிரே வந்து நின்றால் மனிதன் பணிவான், ஆனால் அது அன்பாக இருக்காது. மறுக்க இடம் இருக்கும்போது வரும் சம்மதமே அவருக்கு வேண்டும்.

இந்தப் பதில் பாதிதான் சரி என்பேன். காரணம், சுந்தரர் கதையே இதை மறுக்கிறது. அவர் கடவுளைப் புத்தூரிலிருந்து வெண்ணெய்நல்லூர் வரைக்கும் பார்த்துக்கொண்டேதான் வந்தார். வழக்காடினார், திட்டினார், ஓலையைக் கிழித்தார். கண்ணால் காண்பது அவரைக் கொஞ்சமும் வளைக்கவில்லை. பைபிளிலும் இதே சங்கதிதான். இயேசுவைக் கண்ட நாசரேத்துக்காரர்கள் கண்டது தங்கள் ஊர்த் தச்சரை. எம்மாவு ஊருக்குப் போன சீடர்கள் இருவர் வழியெல்லாம் அவரோடு பேசிக்கொண்டே நடந்தும் யாரென்று தெரியவில்லை. அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோது தெரிந்துகொண்டார்கள், அந்தக் கணமே மறைந்துவிட்டார். கோயிலுக்குள் போய் மறைந்த கிழவரை இதற்குப் பக்கத்தில் நிறுத்தினால் என்ன வித்தியாசம் சொல்ல முடியும்? எது முந்தி, யார் யாரிடமிருந்து எடுத்தது என்கிற ஆராய்ச்சியில் எனக்கு அக்கறை இல்லை. தெரிகிறவர் தெரிந்த பிறகு நிற்பதில்லை என்பதில் இரு மரபும் ஒத்துப்போவதுதான் விசேஷம்.

கிறிஸ்தவத்தில் காட்சியே கிடையாது என்றும் சொல்லிவிட முடியாது. வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிறவர்கள் மாதா காட்சி தந்த இடத்துக்குத்தான் போகிறார்கள். பஞ்சாபில் சாது சுந்தர் சிங் 1904இல் கிறிஸ்துவைக் கண்டதாகச் சொன்னார். அவரைப் பற்றி நூல் எழுதியவர்களில் ஒருவர் நம் பாளையங்கோட்டை ஏ.ஜே. அப்பாசாமி, கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகப் பார்க்கலாம் என்று வாதிட்டவர். ஆனாலும் அந்த மதத்தின் நடுநாடி காட்சியில் இல்லை. மத்தேயு சுவிசேஷத்தின் 25ஆம் அதிகாரத்தில் நியாயத்தீர்ப்பு வருகிறது. பசித்தவனுக்குச் சோறு போட்டவர்களும் ‘உம்மை எப்போது கண்டோம்?’ என்கிறார்கள், போடாதவர்களும் அதையே கேட்கிறார்கள். உதவியவர்களுக்கும் அவர் தெரியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஐடாவின் வாசலுக்கு வந்த மூவரும் அந்தக் கணக்கில் சேர்ந்தவர்கள். வெண்ணெய்நல்லூரில் கடவுள் கிழவராக வேஷம் போட்டு வந்தார், வேஷம் கலைந்தது. திண்டிவனத்தில் வந்தது வேஷம் இல்லை, நிஜமாகவே மனைவியைப் பறிகொடுக்கப் போகிற மூன்று கணவர்கள். அவர்களைக் கலைத்துவிட்டு உள்ளே ஒருவரைக் காட்ட முடியாது.

உறுத்தலும் அங்கேதான். மேடையில் இந்தக் கதையைச் சொல்லும் பிரசங்கியார்கள் சிலர், வேலூர் ஆஸ்பத்திரி எழும்பவே அந்த மூன்று பெண்களையும் கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்கிற தொனியில் முடிப்பார்கள். கேட்கவே கூசுகிறது. ஒருத்தியின் உயிரைக் கொடுத்து இன்னொருத்திக்கு அழைப்பு அனுப்புகிறவரை எந்த மகள் அப்பா என்று கூப்பிடுவாள்? அவர்களைச் சாகவிட்டது ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்ற கட்டுப்பாடும் பெண் மருத்துவர் இல்லாத நிலையும்தான். அதைக் கடவுள் தலையில் கட்டுவது நமக்குச் சௌகரியம், அவ்வளவே. அப்படிச் சொன்னாலும், அன்றிரவு கடவுள் ஏன் சும்மா இருந்தார் என்ற கேள்வி தீர்ந்துவிடாது.

கண்டவருக்குக் கேள்விகள் தீர்ந்துவிட்டனவா? மனைவி சங்கிலியாருக்குப் பிரியமாட்டேன் என்று கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரை விட்டுப் புறப்பட்டதும் சுந்தரர் இரண்டு கண்ணையும் இழந்தார். தோழனாக இருந்துகொண்டு இப்படிச் செய்யலாமா என்று சண்டை போட்டபடியே ஊர் ஊராக நடந்தார். காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறு கண் என்று திரும்பியது, முறையீடு நிற்கவில்லை. பைபிளில் யோபுவும் அப்படித்தான், பிள்ளைகளையெல்லாம் பறிகொடுத்துவிட்டு ‘ஏன்?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் சுழல்காற்றிலிருந்து கடவுள் பேசினார். பூமிக்கு அஸ்திவாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய் என்று கேட்டார், காட்டுக் கழுதையைப் பற்றிப் பேசினார், முதலையைப் போன்ற ஒரு பெரிய பிராணியைப் பற்றி விஸ்தாரமாகப் பேசினார். பிள்ளைகள் ஏன் செத்தார்கள் என்பதற்குப் பதில் சொல்லவில்லை.