பொங்கல் டெஸ்ட்டும் அரை நாள் லீவும்

உலகக்கோப்பை வந்தாலே இந்தக் கேள்வியும் கூடவே வந்துடும். பெரிய மேட்ச் அன்னிக்கு பள்ளிக்கூடத்தை சீக்கிரம் விடலாமா கூடாதா? ஒரு கோஷ்டி "படிப்பு என்னாவறது" என்கும். இன்னொரு கோஷ்டி "ஒரு நாள்ல என்ன குடி முழுகிடும்" என்கும். ரெண்டு பேருமே ஒரு விஷயத்தை மறந்துடறாங்கன்னு எனக்குத் தோணும். பள்ளிக்கூடத்தை மேட்சுக்காக நகர்த்தறது ஒரு வழி. மேட்சை லீவு நாளுக்கு நகர்த்தறது இன்னொரு வழி. இந்த ரெண்டாவது வழியில நம்ம மெட்ராஸ் கிட்டத்தட்ட முப்பது வருஷம் ஓடியிருக்கு.

முதல் வழியை முதல்ல பார்த்துடுவோம். 2010-ல் தென்னாப்பிரிக்காவுல கால்பந்து உலகக்கோப்பை நடந்தப்போ, வழக்கமான நடு வருட விடுமுறையை நீட்டி கிட்டத்தட்ட அஞ்சு வாரம் ஆக்கிட்டாங்க. பிரேசில் இன்னும் ஒரு படி மேல. 2012 ஜூன்ல போட்ட உலகக்கோப்பைச் சட்டத்துலயே ஒரு பிரிவு: 2014-ல் பள்ளி விடுமுறை, போட்டி தொடங்கற நாள்லேர்ந்து முடியற நாள் வரைக்கும் முழுசா வர்ற மாதிரி அட்டவணையை மாத்தணும்னு. சட்டம் போட்டு லீவு வாங்கின பசங்க வீட்டுல உக்காந்து பார்த்தது என்ன? ஜூலை 8, ஜெர்மனி 7, பிரேசில் 1. பேசாம கணக்கு டீச்சரே தேவலைன்னு நினைச்சிருப்பாங்க :-)

நிற்க. இப்போ நம்ம ஊருக்கு வருவோம்.

பழைய ஸ்கோர் அட்டைகளைப் புரட்டினா மெட்ராஸ் டெஸ்ட் தேதிகள்ல ஒரு ஒழுங்கு தெரியும். 1961 பாகிஸ்தான், ஜனவரி 13. 1962 இங்கிலாந்து, ஜனவரி 10. 1967 வெஸ்ட் இண்டீஸ், ஜனவரி 13. 1973, 1975, 1977, 1979, 1980, 1982, 1985, 1988, எல்லாமே ஜனவரி 10-லேர்ந்து 15-க்குள்ள ஆரம்பிச்சவை. கல்கத்தாவுக்கு புத்தாண்டு டெஸ்ட்னா மெட்ராசுக்கு பொங்கல் டெஸ்ட். அப்பல்லாம் அஞ்சு நாள் ஆட்டத்துக்கு நடுவுல ஒரு ஓய்வு நாள் உண்டு. ஆக மொத்தம் ஆறு நாள். போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் எல்லாம் அதுக்குள்ள அடங்கிடும்.

பசங்க மேல இருக்கற பாசத்துல இப்படி தேதி குறிச்சாங்கன்னு நான் நினைக்கலை. முதல் காரணம் மழை. வடகிழக்குப் பருவமழை டிசம்பரோட ஓயும். ஜனவரியில ஆடுகளம் காய்ஞ்சிருக்கும், வெயிலும் மண்டையைப் பொளக்காது. சம்பா அறுவடைக்கு எது தோதோ அதுவே கிரிக்கெட்டுக்கும் தோது. அதோட லீவு நாள்னா டிக்கெட்டும் விக்கும். காரணம் எதுவா இருந்தா என்ன, எந்த ஹெட்மாஸ்டர்கிட்டயும் கெஞ்சாம ஒரு தலைமுறைப் பசங்க டெஸ்ட் பார்த்தாங்க.

அதுவும் எந்த மாதிரி டெஸ்ட்! 1975 ஜனவரியை எடுத்துக்கோங்க. ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன்னுக்கு 7 விக்கெட். மத்தவங்க வரிசையா நடையைக் கட்ட, மொத்தம் 190-ல் விஸ்வநாத் மட்டும் 97 நாட் அவுட். நாம 100 ரன்ல ஜெயிச்சு தொடரை 2-2 ஆக்கினோம். இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு உண்டு. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஆரம்பிச்சது 1975 ஆகஸ்ட் 15. அதாவது அந்த 97-ஐ மெட்ராஸ்ல யாரும் டிவியில பார்த்திருக்க முடியாது. சேப்பாக்கத்துல உக்காந்திருக்கணும், இல்லைன்னா ரேடியோவை காதுல ஒட்டிக்கணும். அன்னிக்கு வகுப்புல மாட்டிக்கிட்டவனுக்கு சாயங்காலம் ஹைலைட்ஸ் எல்லாம் கிடையாது. போனது போனதுதான். லீவுல மேட்ச் வர்றதோட அருமை அப்போ அவ்வளவு பெருசு.

1982-ல் இன்னும் விசேஷம். இங்கிலாந்துக்கு எதிரா ரெண்டாம் நாள், சரியா பொங்கலன்னிக்கு, விஸ்வநாத்தும் யஷ்பால் சர்மாவும் நாள் பூரா ஆடினாங்க. ஒரு விக்கெட் கூட விழலை. கடைசியில விஸ்வநாத் 222, யஷ்பால் 140. வீட்டுல சர்க்கரைப் பொங்கலை சாப்பிட்டுட்டு ஓடி வந்தவனுக்கு வேற என்ன வேணும்? (லீவுல வந்தா எல்லாம் அமர்க்களமா இருக்கும்னும் இல்லை. 1964 ஜனவரி 12, ஞாயித்துக்கிழமை, பாபு நட்கர்னி தொடர்ந்து 21 மெய்டன் ஓவர் போட்டார். அதைப் பார்த்த பையன் திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்கே சந்தோஷமாப் போயிருப்பான்.)

சரி, இந்த ஏற்பாடு ஏன் போச்சு? 1988 பொங்கலுக்கு ஹிர்வானி முதல் டெஸ்ட்லயே 16 விக்கெட் எடுத்தாரே, அதுக்கப்புறம் சேப்பாக்கத்துல பொங்கல் டெஸ்ட் நடக்கவே இல்லை. மேட்ச் நடத்தற ஊர்கள் பெருகிடுச்சு, ஒருநாள் போட்டிகள் பெருகிடுச்சு, அட்டவணையை பல வருஷத்துக்கு முன்னாடியே பல நாட்டு வாரியங்கள் சேர்ந்து முடிவு பண்ற காலம் வந்துடுச்சு. பலன்? 2004-ல் ஆஸ்திரேலியா டெஸ்ட்டை அக்டோபர் நடுவுல வெச்சாங்க. கடைசி நாள் பத்து விக்கெட்டும் கையில, தேவை 210 ரன். பெய்ஞ்ச மழையில ஒரு பந்து கூடப் போடலை. அடுத்த வருஷம் இலங்கையோட டிசம்பர் ஆரம்பத்துல. முதல் மூணு நாளும் கிட்டத்தட்ட மழையோட போச்சு. பொங்கல் கணக்கு எவ்வளவு கெட்டியான கணக்குன்னு இதுல தெரியும்.

அப்போ ஜனவரியில நம்ம ஆட்கள் எங்கே? 1992, 2000, 2004, 2008, 2012, 2019, 2021, 2025 ஜனவரிகள்ல எல்லாம் ஆஸ்திரேலியாவுல. மெல்போர்ன்ல 1980-லேர்ந்து கிட்டத்தட்ட வருஷம் தவறாம கிறிஸ்துமஸுக்கு மறுநாள் டெஸ்ட். அது முடிஞ்சதும் சிட்னியில புத்தாண்டு டெஸ்ட். ரெண்டுமே அவங்க பசங்களோட கோடை லீவுல. அவங்க பண்டிகை மேட்சை அவங்க விடலை. அதுல போய் ஆடறதுக்கு நம்ம பொங்கலை நாம விட்டுட்டோம். எனக்கு வயித்தெரிச்சலே இதான்.

இதுல இன்னொரு சிக்கல். எந்த மேட்ச் "பெரிய" மேட்ச்னு முன்கூட்டியே யாருக்குத் தெரியும்? சேப்பாக்கம் டை டெஸ்ட் முடிஞ்சது 1986 செப்டம்பர் 22, திங்கக்கிழமை. நமக்கு இலக்கு 348. கடைசி ஓவரோட அஞ்சாவது பந்துல மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ, 347 ஆல் அவுட். ஹர்பஜன் 15 விக்கெட் எடுத்து, கடைசி ரன்னையும் அவரே அடிச்ச ஆஸ்திரேலியா டெஸ்ட் முடிஞ்சது 2001 மார்ச் 22, வியாழக்கிழமை. பொதுத்தேர்வு நேரம் வேற. சச்சின் 103 அடிச்சு 387-ஐத் துரத்தினது 2008 டிசம்பர் 15, அதுவும் திங்கள்தான். நான் அப்போ ஆறாவது, அரையாண்டுப் பரீட்சை. கண்காணிப்புக்கு வந்த சார் வராண்டாவுக்குப் போய்ப் போய் ஸ்கோர் கேட்டுட்டு வந்தார். எங்களுக்குச் சொல்லலை, ஆனா மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சோம். காலையில யார் சுற்றறிக்கை அனுப்பி லீவு விட்டிருக்க முடியும் இதுக்கெல்லாம்? லீவு கிடைக்கறதெல்லாம் விளம்பரம் பெருசா இருக்கற மேட்சுக்குத்தான்.

அரை நாள் விட்டாலும் அது யாருக்கு உதவும்? வீட்டுல டிவியும், கதவைத் திறக்க ஆளும் இருக்கற பையனுக்கு. அம்மா அப்பா ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டுப் பொண்ணு தெருவுல நிக்கும். பஸ் பாஸ்ல வர்ற கிராமத்துப் பசங்களுக்கு மத்தியானம் பஸ் இருக்காது. சத்துணவு ஆகறதுக்கு முன்னாடி மணி அடிச்சீங்கன்னா ஒரு வேளைச் சோறும் போச்சு. எனக்குக் கேட்டா சீக்கிரம் விடறதுக்குப் பதில், ஹால்ல ஒரு டிவியைப் போட்டு கடைசி ரெண்டு பீரியட் எல்லாரையும் ஒண்ணா உக்கார வைங்க. தரையில உக்காந்து பார்த்தாலும் எல்லாரும் பார்ப்பாங்க.

அட்டவணை போடறவங்களுக்கு ஒரு வார்த்தை. எங்க தொழில்ல சர்வரை மாத்தணும்னா ஜனங்க உபயோகிக்காத நடுராத்திரியாப் பார்த்து மாத்துவோம். ஜனங்களை ஒதுங்கி நில்லுன்னு சொல்ல மாட்டோம். ஐபிஎல்-காரங்களுக்கு இது நல்லாவே தெரியும். 2008-லேர்ந்து பெரும்பாலும் கோடை லீவையும் ராத்திரி நேரத்தையும் பிடிச்சு வெச்சிருக்காங்க. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஜனவரி 13-ல் சேப்பாக்கத்துல ஒரு டெஸ்ட் வெச்சா என்னவாம்?

உங்க வீட்டுல யாராவது 82 பொங்கலன்னிக்கு சேப்பாக்கத்துல இருந்தாங்களான்னு கேட்டுட்டு வந்து சொல்லுங்க மக்களே. அன்னிக்கு மத்தியானம் சாப்பாடு கட்டிக்கிட்டுப் போனாங்களா, என்ன கட்டிக்கிட்டுப் போனாங்கன்னும் சேர்த்து.