ஹைலக்ஸுக்காக ஒரு காத்திருப்பு

இங்கே ஓமானில் சைட்டுக்குப் போகிற நம்மாட்கள் பலருக்கு ஹைலக்ஸ்தான் கம்பெனி வண்டி. "ஊர்ல இது கிடைக்கலையே"ன்னு ரொம்ப வருஷம் புலம்பியிருக்கோம்.

இதுல வேடிக்கை என்னன்னா, அதே ஐஎம்வி அடித்தளத்தில் உருவான இன்னோவா 2005லேயே பெங்களூர் பக்கத்து பிடதியில் தயாராக ஆரம்பிச்சாச்சு. பிக்கப்னா காய்கறி ஏத்துற வண்டின்னே நம்மூர் பழகிப்போச்சு. ஹைலக்ஸ் இந்தியாவுக்கு வந்தது 2022 ஜனவரியில்தான். பதினேழு வருஷம் கழிச்சு! புக்கிங் குவிந்ததில் இரண்டே வாரத்தில் நிறுத்திட்டாங்க. மறுபடி திறந்தது 2023 ஜனவரியில்.

2025 நவம்பரில் பாங்காக்கில் புதுத் தலைமுறை ஹைலக்ஸ் முகம் காட்டியது. அதோட முகப்பு, மின்சார மாடல்னு நண்பர்கள் அலசுறாங்க. எனக்கு ஒரே கேள்விதான்: இந்தத் தடவையும் பதினேழு வருஷம்னா, ஊர் திரும்பி ஓட்ட நமக்குத் தெம்பு இருக்குமா?