தறி இருக்கும் வீட்டில் யார் இருப்பது? மணமுறிவு வழக்கும் ஆரணி நெசவுக் குடும்பமும்

1. பொருளும் எல்லையும்

ஆரணியில் பட்டு நெய்யும் பல வீடுகளில் கூடத்தின் பெரும்பகுதியைத் தறியே பிடித்துக்கொள்ளும். தரையைத் தோண்டி இறக்கிய குழித்தறியை நினைத்தவுடன் பெயர்த்து எடுத்துப் போக முடியாது. அத்தகைய வீட்டில் கணவன் மனைவி வழக்கு மன்றம் ஏறி, மனைவியை வெளியே அனுப்பிவிட்டால், அவளுக்குக் கூரையும் கூலியும் ஒரே நாளில் போகின்றன. மணமுறிவு வழக்கு நடக்கும்போது வீட்டில் தங்கும் உரிமை பற்றிய சட்டத்தை இந்த நிலையிலிருந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. எந்த வீடு?

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. தன் பெயரில் பட்டா இல்லாவிட்டாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்கிறது அதன் 17ஆம் பிரிவு. முறையான சட்ட வழியில் அல்லாமல் அவளை வெளியேற்றவும் கூடாது.

சட்டம் வந்து இரண்டு மாதம் ஆவதற்குள், 2006 டிசம்பரில், உச்ச நீதிமன்றம் அதைச் சுருக்கிவிட்டது. பத்ரா வழக்கில், மாமியார் பெயரிலிருந்த வீட்டில் மருமகளுக்கு இந்த உரிமை இல்லை என்றது. கணவனின் சொந்த வீடு, அவன் வாடகைக்கு எடுத்த வீடு, அவன் உறுப்பினராக இருக்கும் கூட்டுக் குடும்பச் சொத்து ஆகியவை மட்டுமே கணக்கில் வந்தன. வீட்டுப் பத்திரம் பெரியவர்கள் பெயரில் இருப்பதுதான் நம் ஊர்களில் வழக்கம் என்பதால், மருமகள்களுக்கு இது பேரிடி. 2020 அக்டோபர் 15 அன்று, அகுஜா வழக்கில், நீதிபதி அசோக் பூஷண் தலைமையிலான மூவர் அமர்வு பத்ரா தீர்ப்பு தவறு என்று அதை ஒதுக்கியது. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும், பெண் அங்கே நிலையாகக் குடும்பம் நடத்தியிருந்தால் உரிமை கோரலாம் என்பது இன்றைய நிலை. ஆனால் இது அசைக்க முடியாத உரிமை அல்ல. முதியவர்களின் நிம்மதியையும் மன்றம் எடை போடும். அதே தரத்தில் வேறு வீடோ வாடகைப் பணமோ தரச் சொல்லலாம்.

3. தறி

மாற்று வீடு என்ற அந்தத் தீர்வு மாதச் சம்பளக் குடும்பத்துக்குப் பொருந்தும். நெசவுக் குடும்பத்துக்கு அது பாதித் தீர்வுதான். தார் சுற்றுவது, பாவு பிணைப்பது, கோர்வைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நாடா வாங்கித் தருவது எனப் பெண்ணின் உழைப்பு அந்தத் தறியோடு பின்னிக் கிடக்கிறது. 2019-20இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, இத்தொழிலில் இருக்கும் சுமார் 35 லட்சம் பேரில் பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள். ஆயினும் முதலாளியிடம் முன்பணம் வாங்கும் கணக்கு ஆண் பெயரில் இருந்தால், வீட்டைவிட்டுப் போனவளின் உழைப்புக்குச் சான்று காட்ட எந்தக் காகிதமும் இராது.

இங்கே சட்டத்தின் 3ஆம் பிரிவு கைகொடுக்கிறது. குடும்ப உறவின் வழியாக ஒரு பெண் பயன்படுத்த உரிமையுள்ள வளங்களையும் வசதிகளையும் தடுப்பது ‘பொருளாதார வன்முறை’ என்று அது சொல்கிறது. தறி அத்தகைய வசதி என்று வாதிட முழு இடமுண்டு என்பது என் துணிபு. அவள் வேலை செய்யும் இடத்துக்குள் எதிர்மனுதாரர் நுழையத் தடை கேட்க 18ஆம் பிரிவிலும் வழி உண்டு. வேலை செய்யும் இடமும் வீடும் ஒன்றாகவே இருந்தால் ஆணையை எப்படி வரைவது என்பதுதான் சிக்கல். தறிக்கூடத்தையும் அதற்குப் போகும் வழியையும் பிரித்து எழுதும்படி குற்றவியல் நடுவரிடம் கேட்கலாம். தறியையும் பாவையும் விற்கத் தடையும் கேட்கலாம். ‘வீட்டில் இருக்க அனுமதி’ என்ற ஒற்றை வரி ஆணையை வாங்கிவந்து, பூட்டிய தறிக்கூடத்தின் முன் நிற்பதில் பயனில்லை.

4. கணவனை வெளியே அனுப்பும் ஆணை

2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆர்.என். மஞ்சுளா தந்த தீர்ப்பு இங்கே முக்கியமானது. மணமுறிவு வழக்கு நடந்துகொண்டிருக்க, கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் இருந்தனர். அமைதியைக் குலைக்காதே என்று மட்டும் கணவனுக்குக் கீழ்மன்றம் சொல்லியிருந்தது. அவரை வெளியேற்றுவதுதான் வீட்டின் அமைதிக்கு ஒரே வழி என்றால், அவருக்கு வேறு இடம் இருக்கிறதா இல்லையா என்று பாராமல் அப்படி ஆணையிட வேண்டும் என்றார் நீதிபதி. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 19ஆம் பிரிவே இதற்கு இடம் தருகிறது. பெண்ணுக்கு எதிராக மட்டும் இந்த ஆணை பிறப்பிக்க முடியாது. கணவனுக்கு இதே போன்ற தனிச்சட்ட உரிமை இல்லை. அவன் சொத்துரிமையையே நம்ப வேண்டும்.

நெசவு வீட்டில் இந்த ஆணை இருமுனைக் கத்தி. பிரதான நெசவாளி கணவன் என்றால், அவன் போனதும் தறி நிற்கும், பிள்ளைகளின் சோறும் நிற்கும். எனவே இடைக்கால ஜீவனாம்சத்தையும் அதே மனுவில் கேட்பதே விவேகம்.

5. தீர்ப்புக்குப் பின்

வாடகை வீட்டில் குடியிருப்போர் இதைக் கவனிக்க வேண்டும். கைவிடப்பட்ட மனைவி, கணவன் பெயரில் உள்ள வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கில் எதிர்வாதம் செய்யலாம் என்று 2005இல் அச்சலா ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பு, மணமுறிவு ஆனதும் அந்த உரிமை நீங்கும் என்றும் சொன்னது. மணமுறிவு ஆணையிலேயே தங்குமிடம் பற்றி எழுதியிருந்தால்தான் விதிவிலக்கு. பரஸ்பர சம்மத மனுவில் நகையையும் பணத்தையும் வரி வரியாகப் பட்டியலிடுவோர், வீட்டையும் தறியையும் மறந்துவிடுவது வியப்புதான்.

கடைசியாக, மனுவை எங்கே போடுவது என்ற கேள்வி. அவசரத்தில் தாய்வீடு போய்விட்ட பெண் ஆரணிக்குத் திரும்பிவந்துதான் மனு போட வேண்டும் என்பதில்லை. போளூரிலோ செய்யாற்றிலோ தற்காலிகமாகத் தங்கியிருந்தால் அங்குள்ள நடுவர் மன்றத்திலேயே போடலாம் என்கிறது குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. வழக்கறிஞர் வைக்கக் காசில்லை என்று தயங்கவும் வேண்டாம்: 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பாராமல் எல்லாப் பெண்களுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு.