மிகையும் குறையும்

மதுரை கே.கே. நகரில் போட்டித் தேர்வுக்குப் பயிலும் இளைஞர் எவரைக் கேட்பினும், ‘தரவு போதுமா?’ என வினவும் ஒரு கணக்கு வகையைச் சொல்லுவர். அங்கே விடை காண்பது நோக்கமன்று. கொடுத்த செய்தி விடைக்குப் போதுமா எனத் தீர்ப்பதே நோக்கம். ஓர் எண்ணின் வர்க்கம் 25. அவ்வெண் மிகையா, குறையா? ‘மிகை’ என்று விரைவோர் தவறுவர். குறை ஐந்தின் வர்க்கமும் 25 அன்றோ! செய்தி போதாது என்பதே சரியான விடை.

இந்த ஐயத்திற்கு நம் நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. கி.பி. 628-இல் ‘பிரம்மஸ்புட சித்தாந்தம்’ இயற்றிய பிரமகுப்தர், மிகை எண்ணைத் ‘தனம்’ என்றும், குறை எண்ணை ‘ருணம்’, அதாவது கடன் என்றும் வழங்கினார். கீழமாசி வீதி வணிகரின் பேரேட்டில் வரவும் பற்றும் எதிரெதிரே நிற்பதை அறிந்தவர்க்கு இக்கருத்து எளிதில் விளங்கும். தனத்தைத் தனத்தால் பெருக்கின் தனம். கடனைக் கடனால் பெருக்கினும் தனம். தனத்தைக் கடனால் பெருக்கின் கடன். அவர் வகுத்த இவ்விதிகளிலேயே சிக்கலும் பிறக்கிறது. வர்க்கம் காணுங்கால் குறி மறைந்துவிடுகிறது. மூலம் காணத் திரும்புங்கால் அதனை எங்கே தேடுவது?

1114-இல் பிறந்த பாஸ்கராசாரியர் தம் ‘பீஜகணித’த்தில் இதற்கு விடை கூறினார். மிகை எண்ணுக்கு வர்க்கமூலம் இரண்டு, ஒன்று மிகை, மற்றது குறை என்றார். அதனை விளக்க இரண்டு குரங்குக் கணக்குகளையும் தந்தார்.

முதற் கணக்கு: ஒரு கூட்டத்தின் எட்டில் ஒரு பங்கின் வர்க்கம் சோலையில் விளையாடுகிறது, எஞ்சிய 12 குரங்குகள் குன்றின்மீது உள்ளன. கூட்டம் எவ்வளவு? 48 எனினும் பொருந்தும். 16 எனினும் பொருந்தும். இரண்டையும் அவர் ஏற்றார்.

இரண்டாம் கணக்கு: கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கில் மூன்றைக் குறைத்து, அதன் வர்க்கம் குகைக்குள் சென்றது; ஒரு குரங்கே கண்ணில் படுகிறது. இங்கும் 50, 5 என இரு விடைகள் கிடைக்கின்றன. ஆனால் ஐந்தின் ஐந்தில் ஒரு பங்கு ஒன்று. அதில் மூன்றைக் கழிப்பின் குறை இரண்டு. குரங்குகளின் எண்ணிக்கை குறையாவதை உலகம் ஒப்பாது என்று கூறி, பாஸ்கரர் 5 என்பதை விலக்கினார்.

இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை நோக்குக. முன்னதில் தரவு போதவில்லை. பின்னதில் பொருளின் இயல்பே எஞ்சிய தரவாகிறது. பின்னாளில், 1758-இல்கூட இங்கிலாந்தின் பிரான்சிஸ் மாசெரஸ் என்பார் குறை எண்களின் வழக்கை எதிர்த்து நூல் எழுதினார் எனில், நம் முன்னோரின் தெளிவு எத்தகையது என்பது புலனாகும்.

இனி ஒரு கணக்கு. இரண்டு எண்களின் பெருக்குத்தொகை மிகை. அவை இரண்டும் மிகையா? இரண்டும் குறையாகவும் இருக்கலாம், ஆதலின் போதாது. கூட்டுத்தொகை மிகை என்பது மட்டும் தெரிந்தால்? ஏழும் குறை இரண்டும் கூடினும் மிகையே, அதுவும் போதாது. இரு செய்திகளும் சேரின், குறிகள் ஒன்றேயாதல் வேண்டும். இரண்டும் குறையாயின் கூட்டுத்தொகை மிகையாகாது. எனவே இரண்டும் மிகையே, தரவு போதும்.

விடையை விரைந்து சொல்வது ஒரு திறன். ‘இச்செய்தி போதாது’ என்று துணிந்து சொல்வதோ அறிவின் முதிர்ச்சி. தேர்வு மண்டபத்தில் மட்டுமன்று, செய்தி கேட்டு முடிவு செய்யவேண்டிய ஒவ்வோரிடத்திலும் அது நமக்குத் துணை நிற்கும்.