சுலோசனா (ரூபி மையர்ஸ்)

சுலோசனா (1907–1983), இந்திய மௌனப் படக் காலத்தின் முதல் வரிசை நட்சத்திரம். இயற்பெயர் ரூபி மையர்ஸ். புணேயில் பாக்தாதி யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பிற்கால இந்தி, மராத்திப் படங்களில் அம்மா வேடங்களால் அறியப்பட்ட சுலோசனா லாட்கர் வேறொருவர்.

ரூபி தொலைபேசி நிலையத்தில் இணைப்பு கொடுக்கும் வேலையில் இருந்தார். கோஹினூர் பிலிம் கம்பெனியின் இயக்குநர் மோகன் பவ்னானி நடிக்க அழைத்தபோது முதலில் மறுத்தார். பெண்கள் சினிமாவில் நடிப்பதைச் சமூகம் இழிவாகப் பார்த்த காலம் அது. இந்துக் குடும்பத்துப் பெண்கள் பெரும்பாலும் வரத் தயங்கியதால், ஆங்கிலோ-இந்திய, யூதப் பெண்கள் பலர் கதாநாயகிகள் ஆனார்கள். அவர்களில் சிலருக்குத் திரைக்கென இந்துப் பெயர் சூட்டப்பட்டது. ரெனி ஸ்மித் சீதாதேவி ஆனார். ரூபி சுலோசனா ஆனார்.

'வீர் பாலா' (1925) அவருடைய தொடக்ககாலப் படம். சந்துலால் ஷா இயக்கிய 'டைப்பிஸ்ட் கேர்ள்' (1926) படத்தில் புதுக்கோட்டைக்காரரான ராஜா சாண்டோவும் நடித்தார். 'வைல்ட்கேட் ஆஃப் பாம்பே' (1927) படத்தில் சுலோசனா தோட்டக்காரர், போலீஸ்காரர், வாழைப்பழம் விற்பவர், வெள்ளைக்காரப் பெண் என்று எட்டு வேடங்கள் போட்டார். அடுத்து, இம்பீரியல் கம்பெனிக்காக ஆர். எஸ். சௌத்ரி இயக்கிய 'மாதுரி' (1928), 'அனார்கலி' (1928), 'இந்திரா பி.ஏ.' (1929) ஆகியவை அவரை உச்சத்தில் நிறுத்தின. காந்தி கதர்க் கண்காட்சியைத் திறந்து வைத்த செய்திப்படத்தோடு 'மாதுரி'யில் அவர் ஆடிய நடனத்தையும் ஒலி சேர்த்து இணைத்துக் காட்டினார்கள் என்றால் அவருடைய செல்வாக்கு விளங்கும். மாதம் 5,000 ரூபாய் சம்பளம், பம்பாய் கவர்னரைவிட அதிகம் என்ற பேச்சு இன்றுவரை வழங்குகிறது.

1931 மார்ச்சில் அதே இம்பீரியல் கம்பெனி 'ஆலம் ஆரா'வை வெளியிட்டது. இந்தியாவின் முதல் பேசும் படம் அது. கம்பெனியின் பெரிய நட்சத்திரம் சுலோசனா. பேசும் படத்தின் நாயகியோ சுபேதா. திரையில் பேச வேண்டிய ஹிந்துஸ்தானி சுலோசனாவுக்குச் சரளமாக வராது. மௌனப் படத்தில் முகமும் உடலும் போதுமானவையாக இருந்தன. இப்போது நாக்கும் தேர்ச்சி பெற வேண்டியிருந்தது. ஒலி வந்ததும் ஓய்ந்துபோனவர்களின் கணக்கில் அவரையும் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. அது சரியல்ல. ஏறத்தாழ ஓராண்டு விலகியிருந்து மொழியைக் கற்றார். தம் மௌன வெற்றியான 'மாதுரி'யையே 1932இல் பேசும் படமாக நடித்து, விட்ட இடத்தைப் பிடித்தார். 1933 முதல் நடிகர் டி. பிலிமோரியாவோடு சேர்ந்து நடித்த படங்கள் அந்தப் பத்தாண்டின் பெயர்பெற்ற ஜோடிப் படங்கள். 1930களின் நடுவில் ரூபி பிக்ஸ் என்ற சொந்தப் பட நிறுவனத்தையும் தொடங்கினார். அந்நாளில் ஒரு நடிகை முதலாளியாவது அரிய துணிச்சல்.

அவருடைய வாழ்க்கைப் போக்கை 'அனார்கலி' ஒன்றை வைத்தே தொடரலாம். லாகூரில் சீதாதேவியை வைத்து அதே கதை படமாகிக்கொண்டிருந்தபோது, இம்பீரியல் முந்திக்கொண்டு எடுத்ததுதான் 1928ஆம் ஆண்டின் மௌனப் படம். 1935இல் பேசும் படமாக வந்தபோதும் அவரே அனார்கலி. 1953இல் நந்தலால் ஜஸ்வந்த்லால் இயக்கியபோது பீனா ராய் அனார்கலியானார். சுலோசனாவுக்குக் கிடைத்தது அனார்கலியின் காதலன் சலீமின் தாய் வேடம். 1930களின் இறுதியில் புதிய நடிகைகள் முன்னுக்கு வந்த பிறகு, இப்படித் துணை வேடங்களே அவருக்கு வந்தன. மௌனப் படங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டதால், அவர் உச்சத்தில் இருந்தபோது நடித்த நடிப்பைப் பிற்காலத்தார் பார்க்கும் வாய்ப்பும் குறைந்தது. இந்திய சினிமா வரலாற்றுக்கு இது பெரும் நஷ்டம்.

1973ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்கு வழங்கப்பட்டது. தேவிகா ராணிக்குப் பிறகு இவ்விருதைப் பெற்ற இரண்டாவது பெண் அவர். 1983இல் பம்பாயில் காலமானார்.