சுரமும் அச்சுக்கோப்பும்

கேரளத்தின் தென்கோடிக் கடற்கரைச் சிற்றூர் பொழியூர். 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது, அண்டையிலிருந்த விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. இத்தகைய எல்லையூர்களில் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் பயிலும் பிள்ளை, தாயின் கீர்த்தனைப் புத்தகத்தை விரித்தால் பாட்டை அறியும், எழுத்தை அறியாது. வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இந்நிலை புதிதன்று. ஆகவே, சுரம் அச்சேறிய வரலாற்றை நாம் சற்றே நோக்குவோம்.

மேல்நாட்டார் சுரத்தை ஐந்து கோடுகளின்மேல் குறித்தனர். நம்மவரோ ச, ரி, க, ம என எழுத்தையே சுரக்குறியாகக் கொண்டனர். ஏ. எம். சின்னசாமி முதலியார் 1893இல் நம் கீர்த்தனைகளை ஐரோப்பியக் குறியீட்டில் வெளியிடத் தொடங்கினார். அரிய முயற்சிதான், எனினும் அதனைப் படித்துப் பாடவல்லார் நம்மிடையே சிலரே. எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் சுரவெழுத்தையே கைக்கொண்டு, கமகங்களுக்குத் தனிக்குறிகளையும் சேர்த்தார். அவருடைய 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சகத்தில் வெளிவந்தது. ஆனால் நூல் தெலுங்கு எழுத்தில் இருந்தது! தமிழ்நாட்டின் நடுவே தோன்றியும் தமிழ் மட்டும் அறிந்தோர்க்கு அது பூட்டிய பெட்டியாயிற்று. 1961 முதல் சென்னை மியூசிக் அகாடமி தமிழ்ப் பதிப்பைப் பகுதி பகுதியாக வெளியிட்ட பின்னரே பூட்டுத் திறந்தது.

தமிழ் அச்சில் ஒரு விந்தையும் உண்டு. மேல் ஸ்தாயிச் சுரத்திற்குத் தலைமேல் புள்ளி இடுவது வழக்கம். புள்ளியிட்ட 'ச' நமக்கு மெய்யெழுத்து. அச்சுக்கோப்பவரின் அறைப்பெட்டியில் அது ஆயத்தமாகவே கிடக்கும். 'ப', 'ம' முதலியவற்றிற்கும் அவ்வாறே. ஆனால் புள்ளியிட்ட 'ரி', 'நி' தமிழ் நெடுங்கணக்கிலேயே இல்லை! அவற்றிற்குத் தனியச்சோ, புள்ளியைப் பிரித்துக் கோக்கும் பொறுமையோ வேண்டும். கீழ் ஸ்தாயியின் அடிப்புள்ளிக்கும், விரைவைக் காட்டும் மேற்கோட்டிற்கும் இதே பாடுதான்.

இன்று கணினி அறைப்பெட்டியின் இடத்தைப் பிடித்துவிட்டது. ஐந்துகோட்டு இசையை லில்லிபாண்ட், மியூஸ்கோர் என்னும் இலவசச் செயலிகளில் எழுதி, படமாக்கி, நூற்பக்கத்தில் பொருத்தலாம். நம் சுரங்களைப் பக்கம் அமைக்கும் செயலியிலேயே தட்டச்சிடலாம். எழுத்துரு மாறினால் புள்ளி இடம்பெயரக்கூடும் என்பது ஒன்றே அச்சம். படமாக ஒட்டாது எழுத்தாகவே வைப்பதை நாம் விரும்புகிறோம். ஏனெனில் சுரவெழுத்து ஏழே. அவற்றை மலையாளத்திற்கோ இந்திக்கோ கணினி நொடியில் மாற்றிவிடும். சாகித்தியம் அவ்வாறன்று. தமிழ்க் 'க' பிறமொழிகளின் நான்கு ஒலிகளுக்கு நிற்பது. அவற்றைப் பிரித்துக் காட்ட 2, 3, 4 என்னும் எண்களை எழுத்தோடு சேர்த்து அச்சிட்ட பழைய பதிப்பு கையிலிருந்தால் மாற்றம் பிழையின்றி நிகழும். எண்ணில்லாப் பதிப்பாயின், பாட்டை அறிந்த மூத்தவர் ஒருவர் அருகிருந்து வரிவரியாகத் திருத்தித் தரவேண்டும்.